நீ சிரிக்கவில்லை, அக்கா

எனக்குத் தாயுமாக இருந்த அக்கா ஆரோக்கியத்துக்கு,

மோட்சத்தில் சுகமாக இருக்கிறாயா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும். நம் வேதப் பத்திரிகைகளில் இறந்தவர்களுக்குக் கடிதம் எழுதுகிற புண்ணியவான்கள் எல்லாரும் அப்படித்தான் தொடங்குகிறார்கள். நான் கேட்கப்போவதில்லை. உன்னை உள்ளே விடாமல் வாசலில் நிறுத்தி வைக்கிற தைரியம் மோட்ச வாசலைக் காக்கிற இராயப்பருக்கு இருக்கும் என்று நான் நம்பவில்லை.

மச்சான் காஹாங் ரப்பர்த் தோட்டத்திலேயே இருக்கிறார். 'அந்த மனுசனுக்குச் சோறு வடிக்கத் தெரியாதுடா, சொல்லிக் கொடு' என்று சொல்லிவிட்டுப் போனாய். சொல்லிக் கொடுத்தேன், இன்னும் குழைத்துத்தான் வைக்கிறார். உன் கடைசிப் பேச்சு அதுதான். ஆனால் பத்திரிகையில் வந்த மரண அறிவித்தலில், நீ திருநாமங்களை உச்சரித்தபடி புன்னகையோடு உயிர்விட்டதாகப் போட்டிருந்தார்கள். நான் அப்படி எழுதிக் கொடுக்கவில்லை. அந்த வரியை எப்போதும் அச்சுக் கோத்துத் தயாராக வைத்திருப்பார்கள் போல, பெயரை மட்டும் மாற்றுகிறார்கள்.

செத்த பிறகும் உன்னைச் சிரிக்க வைத்துவிட்டார்களே என்று அன்றைக்குக் கோபப்பட்டேன். யார் கோபப்படுவது என்று ஒரு முறை இல்லையா? உன்னை முதலில் சிரிக்க வைத்தவனே நான்தான்.

அந்தக் கதையைப் பற்றித்தான் எழுத வந்தேன். நீ போன பிறகும் அது சாகாமல் தோட்டம் தோட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. போன மாதம் நான் கிராணியாக ஆபீஸ் கணக்கு எழுதுகிற தெப்ராவ் பக்கத்துத் தோட்டத்துக்கே வந்து, ஒரு தாயைப் பட்டினியாகப் படுக்க வைத்துவிட்டது. இந்தக் கடிதத்தை உன்னோடு சேர்ந்து வேறு சிலரும் கேட்கப் போகிறார்கள். அதனால் உனக்குத் தெரிந்ததையும் அங்கங்கே சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்.

தோட்டத்துக் கோயில்களில் ஞாயிற்றுக்கிழமை எப்படி நடக்கும் என்று உனக்குத் தெரியும். பிரெஞ்சு சாமியார் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வந்தால் அதிகம். அவர் வராத ஞாயிறுகளில் பூசை கிடையாது. உபதேசியார் செபமாலை சொல்லுவார், மன்றாட்டு சொல்லுவார், அதற்குப் பிறகு சிங்கப்பூரிலிருந்து வரும் மாதப் பத்திரிகையை எடுத்து அதில் உள்ள கதையை வாசிப்பார். பிரசங்கத்துக்குப் பதிலாகக் கதை. எழுதப் படிக்கத் தெரியாத சனம், பலகை அடித்த கோயில், சாமியார் இல்லாத பீடம். அங்கே நின்று எதை வாசித்தாலும் அது வேதவாக்குதான். அதை நான் பேனாவை எடுக்கும்போதே யோசித்திருக்க வேண்டும்.

அந்தக் கதைகளின் லட்சணம் என்ன? ஒன்றைக் கேட்டவர்கள் எல்லாவற்றையும் கேட்டவர்கள். ஒரு குடிகாரப் புருஷன் இருப்பான். அவன் மனைவி அடி வாங்கிக்கொண்டே செபமாலை உருட்டுவாள். பக்கத்து வீட்டில் ஒரு அஞ்ஞானி இருந்து மாதாவைக் கேலி பேசுவான். மூன்றாம் பக்கத்தில் அவன் மாட்டைப் பாம்பு கடிக்கும், நாலாம் பக்கத்தில் அவன் ஞானஸ்நானம் கேட்பான். உன் பக்கத்து வீட்டு வேலாயி நோயில் கிடந்த உன் பிள்ளைக்காக மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டு, அது போதாதென்று நம் அந்தோணியாருக்கும் மெழுகுவர்த்தி வாங்கி வந்தாளே, அவளுக்கு அந்தக் கதைகளில் எங்கே இடம்? அவள் யாரையும் கேலி பேசவில்லை, மதம் மாறவும் இல்லை. ஆகவே அவள் கதைக்கு உதவ மாட்டாள்.

சாகிற பிள்ளை என்றால் இன்னும் மோசம். காய்ச்சலில் நாக்கு வறண்டு கிடக்கிற ஏழு வயசுப் பிள்ளை பெரிய சாமியாரான மேற்றிராணியார் மாதிரி முழு வாக்கியத்தில் பேசும். லீலிப் பூ வாசனை வரும். ஜொகூரில் எந்தத் தோட்டத்தில் லீலிப் பூவைக் கண்டார்கள்? ரப்பர்ப் பால் புளித்த நாற்றத்தைத் தாண்டி வேறு எந்த வாசனை நம் மூக்குக்கு எட்டியது? சாமியார் கடைசி மூச்சுக்குச் சரியாக ஒரு நிமிஷம் முன்னால் வந்து சேருவார். குளுவாங் ரயிலடியில் இறங்கி, மழையில் லாரி புதைந்து, மறுநாள் சாயங்காலம் குழியை மந்திரிக்க மட்டும் வந்து நிற்கிற சாமியாரை எந்தக் கதையிலும் நான் பார்த்ததில்லை. அந்தக் கதைகளில் யாருக்கும் வயிற்றுப்போக்கு வராது. எல்லாரும் சுத்தமாகச் சாவார்கள்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எனக்கு ஆத்திரம் வருவது வேறு இடத்தில். அந்தக் கதைகளில் கேட்டால் கிடைக்கும். கேட்டும் கிடைக்காதவர்கள் உடனே சிரித்துவிட வேண்டும், சிரித்தால் அதற்கும் ஒரு சன்மானம் உண்டு. கேட்டுக் கிடைக்காமல், சிரிக்கவும் முடியாமல், மறுநாள் விடிந்ததும் சிலுவை வரைந்துகொண்டு ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறவர்களை என்ன செய்வது என்று அந்த எழுத்தாளர்களுக்குத் தெரியாது. நம் சனத்தில் முக்கால்வாசிப் பேர் அவர்கள்தான்.

எழுத்தாளர்கள் என்று யாரோ மூன்றாம் மனிதரைச் சொல்வது போலச் சொல்லிக்கொண்டு போகிறேன். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தன். சாவு எழுதுவதில் கெட்டிக்காரன் என்று பெயர் எடுத்தவன்.

உன் மகன் மிக்கேலை அடக்கம் செய்து மூன்று மாதம் கழித்து அந்தக் கதையை எழுதினேன். ஐந்து வயசுப் பிள்ளை, வயிற்றுக்கடுப்பு, தோட்டத்து ஆஸ்பத்திரியில் எட்டு நாள். நீ ஆஸ்பத்திரி வாசற்படியில் தலையை மோதிக்கொண்டதை முதலில் அப்படியே எழுதியிருந்தேன். பத்திரிகை ஆசிரியர் அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, விசுவாசமுள்ள தாய் இப்படிச் செய்யலாகாது, புன்னகை பூத்தாள் என்று இருந்தால் வாசகருக்குப் பலன் உண்டு என்று ஓரத்தில் எழுதி அனுப்பினார். நான் சண்டை போட்டேனா? வரி அழகாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன். கையோடு அவர் கேட்காததையும் சேர்த்தேன்.

மச்சான் வாழ்நாளில் கள்ளைத் தொட்டதில்லை. கதைக்குக் குடிகாரன் வேண்டுமே என்று அவரைக் குடிகாரனாக்கி, கடைசியில் சிலுவையில் பாடுபட்ட சுரூபத்தின் காலில் விழ வைத்தேன். மிக்கேல் கடைசியாகக் கண்ணைத் திறந்து, 'அம்மா, கோழிக்குத் தண்ணி வச்சியா' என்று கேட்டான். என் கதையில் அவன், 'தாயே, அழாதீர்கள், வானத்துச் சம்மனசுகள் என்னை அழைக்கிறார்கள்' என்றான். அவன் உன்னை எப்போது தாயே என்று கூப்பிட்டான்? உனக்குப் பாக்கியவதி என்று பெயர் வைத்தேன். பெயரை மாற்றியதால் உன் மரியாதையைக் காப்பாற்றிவிட்டதாக வேறு நினைத்துக்கொண்டேன்.

உங்கள் கோயிலில் அது வாசிக்கப்பட்ட ஞாயிற்றுக்கிழமை நான் வேண்டுமென்றே காஹாங்குக்கு வந்திருந்தேன். பாராட்டு வாங்க வந்தேன், வேறு எதற்கு? ஆண்கள் பக்கம் முன்னால் உட்கார்ந்தேன். உபதேசியார் இரண்டாம் பக்கத்தைத் திருப்புவதற்குள் எல்லாத் தலையும் உன் பக்கம் திரும்பிவிட்டது. மச்சான் எழுந்து வெளியே போனார். பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். நீ மட்டும் கடைசி வரி வரைக்கும் அசையாமல் உட்கார்ந்திருந்தாய்.

வெளியே கிணற்றடியில் வைத்துக் கேட்டாய். 'தம்பி, அந்தப் பொம்பள யாருடா?'

'நீதான்க்கா.'

'நானா? ரொம்ப நல்ல பொம்பளயா இருக்காளே. அவளைக் கொஞ்சம் இங்க வரச் சொல்லு. எனக்குப் பதிலா ஒரு நாள் இந்த வூட்டுல இருந்து பாக்கட்டும்.'

அதற்குப் பிறகும் எனக்குச் சோறு போட்டாய். மீன் குழம்பில் எனக்குப் பிடித்த தலையை எடுத்து என் தட்டில்தான் வைத்தாய். பேச்சு மட்டும் குறைந்துபோனது. லயத்து வீடுகளில் உள்ளவர்கள் மச்சானைப் பார்க்கும்போதெல்லாம் 'இன்னிக்குக் குடிக்கலயா' என்று கேட்டு ஒரு வருஷம் சிரித்தார்கள். உன்னிடமும் அவரிடமும் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்காமலே உன்னைக் குழியில் இறக்கினேன்.

இனி இந்த ஊர்ச் செய்தி. எங்கள் தோட்டத்தில் யாகப்பன் என்று ஒரு பால் வெட்டுக்காரன். அவன் மனைவி சேசம்மாள். அவர்களுடைய ஒரே பெண் குழந்தை போன மாதம் குளிர்க்காய்ச்சலில் செத்துவிட்டது. அடக்கத்தன்று சேசம்மாள் மாதா சுரூபத்தின் முன்னால் நின்று, 'உனக்கும்தானே பிள்ளை செத்துச்சு, உனக்குக்கூடவா புரியல, கண்ணு அவிஞ்சு போச்சா' என்று கத்தினாள். நான் அங்கே நின்றுகொண்டிருந்தேன். அந்தக் கோயிலில் அப்படி ஒரு செபத்தை நான் அதுவரை கேட்டதில்லை.

எங்கள் உபதேசியார் சவரிமுத்துவுக்கு அது செபமாகப் படவில்லை. கெட்ட மனிதர் இல்லை, சொல்லப்போனால் நல்லவர். அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் அவள் வீட்டுக்குப் போய், விசுவாசமுள்ள ஒரு தாய் எப்படி நடந்துகொண்டாள் என்று கேள் என்று சொல்லி, என் கதையை முழுக்கச் சொல்லியிருக்கிறார். அவருக்குக் கண் மங்கிவிட்டது, கண்ணாடி போட்டாலும் எழுத்து தெரியாது. இங்கே ஞாயிற்றுக்கிழமைக் கதையை வாசிப்பதே நான்தான். ஆனால் உன் கதை அவருக்குப் புத்தகம் இல்லாமலே மனப்பாடம்.

அன்றைக்குப் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. ஒரு நாள் காலையில் பால் நிறுத்து முடிந்ததும் யாகப்பன் ஆபீஸ் வாசலில் வந்து நின்றான்.

'கிராணியாரே, நீங்க கொஞ்சம் வூட்டுக்கு வரணும். அவ அஞ்சு நாளா கஞ்சித் தண்ணிகூடக் குடிக்கல.'

'ஆஸ்பத்திரி டிரெஸரைக் கூப்பிட்டியா?'

'ஐயோ அலமாக், அவரு குடுத்த மருந்தையும் துப்பிட்டா. உங்களைத்தான் கேக்கறா. கதை எழுதினவருகிட்ட ஒண்ணு கேக்கணுமாம்.'

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அக்கா. அதைக் கேட்டதும் எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. சட்டையை மாற்றிக்கொண்டு போனேன்.

உபதேசியாரும் அங்கே இருந்தார். சேசம்மாள் சுவரோரம் பாயில் கிடந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தாள், முடியவில்லை. படுத்தபடியே கேட்டாள்.

'கிராணியாரே, அந்த அம்மா சிரிச்சதாலதானே அவங்க பிள்ளையைச் சம்மனசு வந்து கூட்டிக்கிட்டுப் போச்சு?'

நான் வாயைத் திறப்பதற்குள் அவளே தொடர்ந்தாள்.

'நான் சிரிக்கல. மாதாவை ஏசினேன். அப்ப என் பிள்ளையை யாரு வந்து கூட்டிக்கிட்டுப் போவா? அது தனியா எங்க போகும்? மூணு வயசுதான் அதுக்கு. கோயில் வரைக்கும்கூடத் தனியா போனதில்லையே.'

அக்கா, நான் எழுதியது அவளுக்குள் போய் என்ன வேலை செய்திருக்கிறது என்று பார். அவள் தன் பிள்ளையை மோட்ச வழியில் தொலைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு கிடந்தாள். ஞானஸ்நானம் வாங்கின பிள்ளை, புத்தி தெளியாத வயசு, நேராக மோட்சம்தான், ஞானோபதேசத்தில் இருக்கிறது என்று சொன்னேன். 'உபதேசியாரும் அதைத்தான் சொல்றாரு. கதையில அப்படி இல்லையே' என்றாள்.

திருச்சபை சொல்கிறது, உபதேசியார் சொல்கிறார், கிராணி சொல்கிறான். கதையில் அப்படி இல்லை. அவ்வளவுதான்.

'அந்த அம்மா நெசமாவே இருந்தவங்களா?'

'என் அக்காதாம்மா.'

'அவங்க சிரிச்சாங்களா?'

உபதேசியார் என்னைப் பார்த்து மெல்லத் தலையை ஆட்டினார். ஆமாம் என்று சொல் என்று அதற்கு அர்த்தம். சொல்லியிருந்தால் என் பெயருக்குக் குறைவு வராது. செத்துப்போன உன் பெயருக்கும் வராது. நீ என்னை நம்பி வேறு யாருக்கும் காட்டாத ஒன்று என்னோடு புதைந்து போயிருக்கும். ஆனால் அந்தப் பெண் அந்தப் பாயிலேயே செத்திருப்பாள்.

'இல்லம்மா. சிரிக்கல. அந்தோணியார் கையில இருந்த பாலனைத் திருடிட்டாங்க' என்றேன்.

என்னை மன்னித்துக்கொள். ஒன்று விடாமல் சொன்னேன். மிக்கேல் ஆஸ்பத்திரியில் கிடந்த மூன்றாம் நாள் மத்தியானம், கோயில் காலியாக இருந்தபோது நீ உள்ளே போனதைச் சொன்னேன். நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் வந்த மரச் சுரூபம். அந்தோணியார் கையில் பாலசேசு ஒரு சின்ன முளையில் தனியாக நிற்கும். நீ அந்தப் பாலனைத் திருகிப் பிடுங்கி முந்தானையில் முடிந்துகொண்டாய். 'என் பிள்ளை நடந்து வூட்டுக்கு வரட்டும், அன்னிக்கு உன் பிள்ளையைத் தர்றேன். கை காலியா இருந்தா எப்படி இருக்கும்னு நீயும் பாரு' என்று அவரிடமே சொல்லிவிட்டு வந்தாய்.

மறுநாள் உங்கள் தோட்டமே அமளிப்பட்டது. உங்கள் உபதேசியார் முதலில் பக்கத்துக் கம்பத்து மலாய்க்காரர்களைச் சந்தேகப்பட்டார், அப்புறம் பேயின் வேலை என்று முடிவு கட்டி நவநாள் செபம் தொடங்கினார். ஆஸ்பத்திரியிலிருந்து ஓடி வந்து அந்த நவநாளில் நீயும் உட்கார்ந்து பதில் சொன்னாய். பாலன் உன் இடுப்பில்தான் இருந்தது.

மிக்கேல் நடந்து வரவில்லை. அடக்கத்துக்கு வந்த என்னை உள்ளே கூப்பிட்டு, அரிசி டின்னுக்குள் கையை விட்டுப் பாலனை எடுத்துக் காட்டினாய். நான் படித்தவன் அல்லவா? 'பெரிய பாவம்க்கா, குடுத்துட்டுச் சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணிடு' என்றேன்.

'குடுக்கத்தான் போறேன். பாவம்னு குடுக்கல. அவரு தரல, அது எனக்கும் அவருக்கும் உள்ள பேச்சு. அதுக்கு இந்தப் பிள்ளை என்ன செய்யும்? இதுவும் யாரு கையிலயாவது இருக்கணும்ல' என்றாய்.

முளை உடைந்துபோயிருந்தது. உன் சேலையிலிருந்து நூலை உருவி, பாலனை அந்தோணியார் கையோடு சேர்த்துக் கட்டிவிட்டு வந்தாய். அடுத்த ஞாயிறு, நான் இன்னும் அங்கே இருக்கும்போதே, உபதேசியார் புதுமை நடந்துவிட்டது என்று அறிவித்தார். பாலன் தானாகத் திரும்பி வந்துவிட்டாராம். நூல் எங்கிருந்து வந்தது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. பெண்கள் பக்கத்தில் நீ முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குனிந்திருந்தாய், தோள் குலுங்கியது. அது சிரிப்பா, அழுகையா? உன்னிடம் கேட்கவே இல்லை.

அதற்கப்புறம் இரண்டு வருஷம் நீ அந்தோணியார் இருந்த பக்கம் முகத்தைத் திருப்பவில்லை. அவருக்கு முதுகு காட்டுகிற மாதிரி ஓர் இடம் பார்த்து உட்காருவாய். ஆனால் ஒரு ஞாயிறுகூடக் கோயிலுக்கு வராமல் இருந்ததில்லை. இதையும் சேசம்மாளிடம் சொன்னேன்.

'அவங்க பிள்ளை?' என்றாள்.

'மோட்சத்துலதான் இருக்கான்.'

'அம்மா திருடியிருக்காளே.'

'அம்மா திருடினதுக்குப் பிள்ளை என்ன செய்யும்?' என்றேன். யோசித்துச் சொன்ன பதில் இல்லை. உன் பேச்சு என் வாயில் வந்துவிட்டது.

சேசம்மாள் முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அடக்கத்துக்குப் பிறகு அவள் அழவே இல்லை என்று யாகப்பன் பின்னால் சொன்னான். அவன் கஞ்சியைக் கரைத்துக் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்தான். பாதி குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்து, 'இதை ஏன் கிராணியாரே நீங்க எழுதல?' என்று கேட்டாள்.

என் கதைகளை எத்தனையோ பேர் புகழ்ந்திருக்கிறார்கள். இப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தேன்.

உபதேசியார் பின்னாலேயே வந்தார். 'இதெல்லாம் வெளிய தெரிஞ்சா சனங்களோட விசுவாசம் என்னாகும், கிராணியாரே?'

'விசுவாசம் இல்லாதவ அந்தோணியார்கிட்ட எதுக்குச் சண்டைக்குப் போறா? அங்க யாருமே இல்லேன்னு நெனச்சா, பிள்ளையை யாருகிட்டயிருந்து பிடுங்குவா?' என்று கேட்டேன்.

சாமியாருக்கு எழுதப் போவதாக அவர் சொன்னார். எழுதட்டும். அவருக்குக் கண் தெரியாததால் அந்தக் கடிதத்தை எழுதவும் என்னிடம்தான் வந்தார். அவர் சொல்லச் சொல்ல, என்மேல் உள்ள குற்றத்தை ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதிக் கொடுத்தேன். நான் ஒரு வார்த்தையும் மாற்றாமல் எழுதிய முதல் எழுத்து அதுவாகத்தான் இருக்கும்.

பத்திரிகை ஆசிரியரும் கடிதம் போட்டிருக்கிறார். என் கதைகளைச் சேர்த்துச் சின்னப் புத்தகமாகப் போடப் போகிறாராம், முதல் கதை உன்னுடையதாம். அது பொய், போடாதீர்கள் என்று எழுதினேன். இன்னும் பதில் இல்லை. எது பொய் என்று அவருக்கு விளங்கியிருக்காது. அவர்களுக்கு ஓர் ஆத்துமாவைத் தேற்றினால் போதும், அந்த ஆத்துமா உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கிற வழக்கம் இல்லை. கேட்டால் பலன் என்பார்கள். பலனை அந்தப் பாயில் நான் பார்த்தேன். எனக்கு அவர்கள்மேல் மரியாதை போய்விட்டது, என்மேல் அதற்கு முன்னாலேயே போய்விட்டது.

நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. செபமாலை முடிந்ததும், கதை வாசிக்கிற நேரத்தில், இந்தக் கடிதத்தை வாசிக்கப் போகிறேன். பாக்கியவதி என்று சொல்ல மாட்டேன், ஆரோக்கியம் என்றுதான் சொல்லுவேன். மச்சானுக்கும் ஆள் அனுப்பியிருக்கிறேன். வருவாரோ மாட்டாரோ. அவர் கள்ளைத் தொட்டதில்லை என்பதை எல்லார் முன்னாலும் சொல்லி, அவர் காலைத் தொட்டு மன்னிப்புக் கேட்க வேண்டும். இதற்குப் பிறகு என்னை அங்கே வாசிக்க விடுவார்களா? தெரியாது.

இன்று மத்தியானம் சேசம்மாளிடம் போய், கடிதத்தில் அவள் பெயரைச் சொல்லாமல் விட்டுவிடுகிறேன் என்று சொன்னேன். எழுந்து உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்தாள்.

'எதுக்கு விடணும்? என் பேரையும் எழுதுங்க. மாதாவை ஏசினேன்னு எழுதுங்க. நானும் வந்து முன்னாலதான் உக்காரப் போறேன்.'

சரி என்று திரும்பினேன். மறுபடி கூப்பிட்டாள்.

'கிராணியாரே, செத்த பிள்ளைன்னு மட்டும் எழுதிட்டுப் போயிடாதீங்க. அவளுக்குப் பேரு இருக்கு.'

எழுதிவிட்டேன், அக்கா. அவள் பெயர் எஸ்தர். யாகப்பன் சேசம்மாள் மகள், மூன்று வயசு. இடது கைப் பெருவிரலைச் சப்புவாள். கோயில் மணி அடித்தால் இரண்டு காதையும் பொத்திக்கொள்வாள். சம்மனசுகளைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை. கடைசியாக அவள் தண்ணீர் கேட்டாள், அம்மா கொடுத்தாள்.

இனி எந்தச் சாவை எழுதினாலும், பக்கத்தில் இருந்தவர்களிடம் கேட்காமல் ஒரு சொல்லும் சேர்க்க மாட்டேன். அவர்கள் ஏசினார்கள் என்றால் ஏசினார்கள் என்றே எழுதுவேன். உன்மேல் ஆணையாக இது நான் உனக்குக் கொடுக்கிற வாக்கு.

உன் கையால் சோறு தின்று வளர்ந்து, உன்னை வைத்தே பொய் எழுதிப் பெயர் வாங்கிய
உன் தம்பி
ஞானப்பிரகாசம்